இசக்கிதுரை மறந்த கர்த்தர்

ரோஜா கர்த்தரை நம்பினது புருஷனைப் பார்த்துத்தான். பிரசங்கம் கேட்டு மனம் மாறியவளில்லை, சொப்பனம் கண்டு விழித்தவளுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து குடித்துவிட்டு வந்து அடித்துக்கொண்டிருந்த மனுஷன் ஒரு மழைக்காலத்தில் அடிப்பதை நிறுத்தினான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் கொச்சியில், மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். அப்பா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டிய தமிழர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். வீட்டில் பேசினது தமிழ். கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் போட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எத்தனை சோப்பு போட்டாலும் கையில் அந்தக் காரம் போகாது. புருஷன் இசக்கிதுரை சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். மீசை அரும்பிய வயதில் வேலை தேடி வந்து, பஜாரில் அரிசி மூட்டை தூக்கும் லோடுமேன் ஆனவன். ஆள் நல்ல உழைப்பாளி. ஆனால் கூலி கையில் விழுந்ததும் கால் நேரே சாராயக் கடைக்குத்தான் போகும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் அவள்தான் அடி வாங்கினாள்.

அந்த மழைக்காலத்தில் வைப்பின் தீவுக்குச் சரக்கு ஏற்றப் போனவன், குடித்திருந்த தள்ளாட்டத்தில், படகிலிருந்து துறையில் கால் வைக்கும்போது நடுவில் விழுந்துவிட்டான். நீச்சல் தெரியாது. மேலே படகு, கீழே சேறு. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவன் எட்டித் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டான். பார்த்தவர்கள் எல்லாம் அவனுக்கு ஆயுசு கெட்டி என்றார்கள். இசக்கிதுரைக்கு அப்படித் தோன்றவில்லை. போதை இறங்கியபின் மழையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பஜாரில் சாக்குக்கடை மாடியில் நடக்கிற தமிழ்ச் சபைக்குப் படியேறிப் போனான்.

அந்தச் சபையின் பாஸ்டர் நீலகண்டன் வாரநாளில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பெயரை மாற்றிக்கொள்ளாதவர். "கர்த்தருக்கு என்னை இந்தப் பேர்லயே தெரியும்" என்பார். அவருக்கும் இசக்கிதுரைக்கும் எப்படியோ ஒட்டிப்போயிற்று. குடி நின்றது. கை நீட்டுவது நின்றது. வருஷங்கள் ஓடின. ஞாயிறுதோறும் இசக்கிதுரை எழுந்து நின்று அதே சாட்சியைச் சொல்லுவான்.

"என் மயிரப் பிடிச்சுத் தூக்குனது ஒரு வலைக்காரன்னு எல்லாரும் சொல்லுவாக. ஆனா அந்தக் கைக்குள்ள இன்னொரு கை இருந்துச்சு. அது என்னைப் பிடிச்ச பிடிய இன்னும் விடல."

கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். அவன் தொடங்கினால் சின்னப் பிள்ளைகள் முடித்துவைக்கும். ரோஜா மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வாள். அழுகை வந்துவிடும். சபையில் பாடுகிற தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அவளும் பாடினாள். இந்த மனுஷனை மாற்றினவர் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அவளுடைய விசுவாசம் இவ்வளவுதான். இதற்கு மேல் அவளை ஒருவரும் கேட்டதுமில்லை.

போன வருஷத்து மழையில் அவன் மூட்டை தூக்கிய ஒரு கிடங்கின் தரை ஈரம் வாங்கி, அடியிலிருந்த மூட்டைகள் நெகிழ்ந்துபோயிருந்தன. கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த மூட்டை அட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். இசக்கிதுரையின் முதுகில் ஒரு மூட்டை வந்து விழ, அவன் நெற்றி போய் எடைத் தராசின் இரும்பில் மோதியது. ரோஜா சுக்குத் தூசி படிந்த கையோடு ஆசுபத்திரிக்கு ஓடினாள். அதற்குள் மண்டையைத் திறக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். போட்டாள்.

சபை முழுக்க உபவாசம் இருந்தது. நீலகண்டன் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஆசுபத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். அவன் கண் திறந்தான் என்ற செய்தி வந்ததும் சாக்குக்கடை மாடியில் கைத்தட்டல் அடங்கவில்லை. "நம்ம சகோதரனைக் கர்த்தர் ரெண்டாந்தடவையும் காப்பாத்திட்டார்" என்று சபையில் மூத்தவளான பேச்சியம்மாள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு ஏற்பாடு ஆயிற்று.

அவன் வாய் திறந்து பேசின முதல் வார்த்தை, ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்துச் சொன்ன ஒரு கெட்ட வார்த்தை. அவளுக்குத் தமிழ் தெரியாததால் தப்பித்தான். ரோஜாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்து அவன் கேட்டது குடிக்க.

"தண்ணி தரட்டுமா?"

"தண்ணி எவனுக்குட்டி வேணும்? வாங்கிட்டு வா போ."

டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அடி பட்டது மூளையின் முன்பக்கம். உயிருக்குப் பயமில்லை. ஆனால் குணம், கோபம், எது சரி எது தப்பு என்று தெரிகிற அறிவு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. சில வருஷத்து ஞாபகமும் போயிருக்கிறது. மருந்தால் கொஞ்சம் அடக்கி வைக்கலாம். "ஆள் இனி பழைய ஆளா இருக்க மாட்டார். நீங்க மனசைத் தயார் பண்ணிக்கணும்."

ரோஜா தலையை ஆட்டினாள். பழைய ஆளாக இருக்க மாட்டார் என்கிறாரே இவர்! வந்திருப்பது அந்தப் பழைய ஆளேதான் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்தது.

வீட்டுக்கு வந்த நாளிலேயே சுவரிலிருந்த வசனக் காலண்டரைப் பிய்த்து எறிந்தான். "அம்மன் படம் எங்கட்டி?" என்று கேட்டான். அவன் சொன்னது அவன் ஊர் இசக்கியம்மனை. ஞானஸ்நானம் எடுத்ததும் சபையில் சாட்சி சொன்னதும் அவன் நினைவில் இல்லை. நீலகண்டனைப் பார்த்தால், "இந்த ஆட்டோக்காரன் எதுக்கு நம்ம வீட்டுக்கு வாரான்?" என்று ரோஜாவைச் சந்தேகமாகப் பார்த்தான். ஒரு நாள் சோற்றில் உப்பில்லை என்று தட்டை வீசினான். மறுநாள் கையை ஓங்கினான். அவள் விலகவில்லை. அடிக்க மாட்டான் என்று உடம்பு பழகிப்போயிருந்தது. அடி கன்னத்தில் விழுந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஷைலஜா சேச்சி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். "எந்தா ரோஜே இது? நீ கொறச்சு நாள் என்ட வீட்டுல வந்து கிட" என்றாள்.

"இவரை யாரு பாப்பாங்க சேச்சி?"

அன்றைக்குப் பிறகு ரோஜா வேலைக்குப் போகும்போது சேச்சி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். வெளியே தாழ் போட்டிருக்கும். உள்ளேயிருந்து அவன் கத்துவான். அந்தச் சத்தம் தெருமுனைவரை ரோஜாவின் பின்னாலேயே வரும்.

ஸ்தோத்திரக் கூட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பேச்சியம்மாள் கேட்கவில்லை. "சபைக்குள்ள கொண்டு வா. ஆவியானவர் இருக்கிற இடத்துக்கு வந்தா எல்லாம் சரியாகிடும்" என்றாள். ரோஜாவுக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அந்தப் பாட்டுகளைக் கேட்டால் ஏதாவது ஞாபகம் வராதா? வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, ஏதேதோ சாக்குச் சொல்லி, மாடிக்குக் கூட்டிப் போனாள்.

பாட்டு முடிகிறவரை பேசாமல்தான் இருந்தான். சொல்லப்போனால் ஒரு பாட்டுக்குக் காலால் தாளம்கூடப் போட்டான். ரோஜா அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருவிருந்து வந்தது. நீலகண்டன் தாமே அவனிடம் வந்து அப்பத்தைக் கொடுத்தார். அவன் வாயில் போட்டு இரண்டு தடவை மென்றான். பிறகு அத்தனை பேர் முன்னால் தரையில் துப்பினான். துப்பிவிட்டு, பாஸ்டரின் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

கீழே சாக்குக்கடையில் யாரோ மூட்டை தட்டுவது கேட்டது. சிறுபிள்ளை ஒன்று சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். ரோஜா முந்தானையால் தரையைத் துடைத்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மறைத்துவைத்த பாவம் ஏதோ இருக்கும் என்றார் ஒருவர். பிசாசு என்றார் இன்னொருவர். மூன்று பேர் வந்து அவன் தலையில் கை வைத்துக் கத்தி ஜெபித்தார்கள். அவன் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினான். அதெல்லாம்கூட ரோஜாவைத் தொடவில்லை. படியிறங்கும்போது பேச்சியம்மாள் அவள் தோளில் கை வைத்து, நல்ல மனசோடுதான், சொன்ன ஒன்று அவள் நெஞ்சில் தைத்துவிட்டது.

"கர்த்தர் கைக்குள்ள உண்மையா வந்தவன் வெளிய விழமாட்டான் ரோஜா. விழுந்துட்டான்னா, அவன் முதல்லயே வரலைன்னு அர்த்தம். உன் ஆத்துமாவையாவது நீ காத்துக்கோ."

சுக்கு பொறுக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை அவள் கூடவே இருந்தது. முதலிலேயே வரவில்லை என்றால், இத்தனை வருஷம் அடிக்காமல் இருந்தது யார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்து வைத்தது யார்? அதெல்லாம் மண்டையின் முன்பக்கத்தில் இருந்த ஒரு துண்டு சதை செய்த வேலைதானா? அப்படியென்றால் அவள் யாரைப் பார்த்து நம்பினாள்? கிடங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "என்னடி, சொத்தையை எல்லாம் நல்லதுல போடுற?" என்று கேட்டாள்.

மருந்து வாங்க ஆசுபத்திரிக்குப் போய்த் திரும்பும்போது நீலகண்டனின் ஆட்டோவில் வந்தாள். பாலம் தாண்டினதும் கேட்டுவிட்டாள்.

"பாஸ்டர், எனக்கு மனசிலாகல. இவரு செத்துப்போனா எங்க போவாரு?"

நீலகண்டன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று.

"கர்த்தர் ஒருத்தரைப் பிடிச்சா விடமாட்டார்னு எத்தனை தடவை பிரசங்கம் பண்ணிருப்பேன்" என்றார். "இசக்கிதுரையைக் காட்டிக் காட்டித்தான் பண்ணினேன்."

"இப்ப?"

"இப்பவும் அதைத்தான் நம்பறேன். ஆனா அவன் என் மூஞ்சியைப் பாத்து அப்படிப் பேசும்போது, எப்படின்னு சொல்லத் தெரியல. உனக்கு ஆறுதல் சொல்லணும்னுதான் இருக்கு. பொய்யா ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயமாவும் இருக்கு."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பாஸ்டருக்கே தெரியாது என்றால் வேறு யாரிடம் போய்க் கேட்பது? ஆனாலும் அவரிடம் கோபம் வரவில்லை. அவர் வண்டியை மறுபடி கிளப்பினார்.

இந்தச் சமயத்தில்தான் இசக்கிதுரையின் தம்பி சுப்புராஜ் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். அண்ணன் வேதக்காரனாகிச் சபைக்குப் போன நாள் முதல் வாசல் மிதிக்காதவன். ரோஜாவின் கன்னத்து வீக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை எடுத்தான்.

"மதினி, சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதீய. அம்மன் பேரை வச்சுக்கிட்டு அம்மனையே விட்டுட்டுப் போனாக. அந்தக் குத்தம்தான் இது. ஊர்ல கோயில் கொடை வருது. கூட்டிட்டுப் போயி ஒரு கெடா வெட்டிப் பொங்க வச்சிட்டா தெளிஞ்சிருவாக."

"அவரு ஞானஸ்நானம் எடுத்தவரு தம்பி."

"அவுகளுக்கே அது ஞாபகமில்லையே மதினி."

தடுக்க வேண்டும் என்று அவள் மனசு சொன்னது. உடம்போ, போகட்டும், நாலு நாள் தூங்கலாம் என்றது. இசக்கிதுரை தம்பியைப் பார்த்த சந்தோஷத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். திரும்பி அவளைப் பார்க்கவுமில்லை. நெற்றியில் சுப்புராஜ் பூசிவிட்ட திருநீறு பளிச்சென்று இருந்தது. ரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் இல்லாத நாட்களில் அவள் நன்றாகத் தூங்கினாள். விழித்ததும் தூங்கினதற்காக வெட்கப்பட்டாள். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. "கூட்டிட்டுப் போயிட்டாங்க ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும். அங்கே போய்ச் சரியாகிவிட்டால்? அந்த நினைப்புத்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. சரியாக வேண்டும் என்றும் இருந்தது, ஆகிவிடக் கூடாது என்றும் இருந்தது. இப்படியும் ஒரு பெண் நினைப்பாளா என்று தன்னையே வெறுத்தாள்.

கொடை முடிந்து சில நாளிலேயே சுப்புராஜ் அண்ணனைக் கொண்டுவந்து விட்டான். சுப்புராஜ்தான் பாதியாக இளைத்திருந்தான். பேன்ட்டில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உள்ளே வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"முடியல மதினி. கோயில் முன்னால வச்சு அண்ணன் அம்மனையே ஏசிட்டாக."

"என்னது?"

"பொங்கப் பானைய எத்திவிட்டு, அம்மனைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாக பாருங்க, சாமியாடிக்கே சாமி எறங்கிப் போச்சு. ஊரே அடிக்க வந்துட்டு. நடுவுல நான் விழுந்து தடுத்தேன்." கிழிசலைத் தொட்டுக் காட்டினான்.

ரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டி சரிந்த நாளிலிருந்து வராத சிரிப்பு. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. சுப்புராஜ் திகைத்துப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஷைலஜா சேச்சி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"அவுகளுக்கு இப்ப எந்தச் சாமியவும் கும்பிடத் தெரியல மதினி" என்றான் சுப்புராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கும்பிடுத எடமே உள்ள ஒடைஞ்சு கெடக்கு."

அந்தச் சொல்லை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அவன் கர்த்தரை விட்டு அம்மனிடம் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. அடுத்த ஞாயிறு, சபை முடிந்து படியிறங்கும்போது அவளே பேச்சியம்மாளை நிறுத்தினாள்.

"அக்கா, காலு ஒடிஞ்சு கெடக்கிறவனைப் பாத்து, இவன் சபைக்கு நடந்து வரல, அதனால விசுவாசி இல்லன்னு சொல்லுவீங்களா?"

"அது எப்படிச் சொல்ல முடியும்?"

"அவருக்கு ஒடிஞ்சது மண்டை."

பேச்சியம்மாள் "ஜெபம் பண்ணிக்கிறேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ரோஜா ஜெயித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அவள் சொன்னது அவளுக்கே முழுசாக நிச்சயமில்லை. அவள் வீட்டுக்கு வந்து தாழைத் திறந்தபோது உள்ளே அவன் படுக்கையை நனைத்துவிட்டு, அவள்தான் நனைத்தாள் என்று கத்திக்கொண்டிருந்தான்.

பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. மருந்தைக் கூட்டினார்கள். அடிக்கிற பலம் குறைந்தது. திட்டு மட்டும் மிச்சம் இருந்தது. இப்போதெல்லாம் பெரும்பாலும் சுவரில் சாய்ந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். நீலகண்டன் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். பிரசங்கம் பண்ணுவதில்லை, கையில் எதுவும் கொண்டுவருவதுமில்லை. அவன் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அவன் நகத்தை வெட்டிவிட்டுப் போகிறார். அவன் குணமாவான் என்று இப்போது யாரும் அவளிடம் சொல்லுவதில்லை.

ரோஜா ஜெபிக்கும்போது கண்ணை மூடுவதில்லை. மூடினால் அவன் எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். அதனால் அவனைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபிக்கிறாள். குணமாக்கும் என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள். போன வாரம் மத்தியானம், சோறு வடித்து வைத்துவிட்டு, அவன் எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு உம்மைத் தெரியல ஆண்டவரே. உமக்கு அவரைத் தெரியும்தானே? தெரியும்னா போதும். அதை எனக்கு ஒரு தடவை எப்படியாவது சொல்லிடுமே."

பதில் வந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. வெளியே ஒரு ஆட்டோ போயிற்று.

"யாருகிட்டட்டி பேசுத?" என்றான் இசக்கிதுரை.

"கர்த்தர்கிட்ட."

"எவன் அவன்?"

அவள் சற்று யோசித்தாள்.

"உங்களுக்கு வேண்டப்பட்டவருதான்."

அவன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவள்மேல் எரிச்சலானான்.

"சோத்தப் போடுட்டி."

அவள் எழுந்து தட்டை எடுக்கப் போனாள்.